மிஹாஷியின் கை

மூணு நாளாக ராத்திரியில் மறுபடியும் ‘ஓகிகு ஃபுரிகாபுத்தே’ பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2007-ல் வந்த ஜப்பானிய அனிமே. பள்ளிக்கூடப் பையன்களின் பேஸ்பால் கதை.

மிஹாஷி ரென் ஒரு பிட்சர், பந்து எறிகிறவன். தாத்தா நடத்தும் பள்ளி என்பதால்தான் அவனுக்கு அந்த இடம் என்று பழைய அணியே அவனை ஒதுக்கி வைத்தது. தோற்ற ஆட்டம் எல்லாம் அவன் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் பந்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்த உறுத்தலைச் சுமந்துகொண்டே சைதாமா மாகாணத்தில் உள்ள நிஷிஉரா பள்ளிக்கு வருகிறான். அங்கே புதிதாக முளைத்த அணியில் மொத்தமே பத்துப் பேர், எல்லோரும் முதலாமாண்டு.

அவனிடம் வேகம் கிடையாது. ஆனால் ஸ்ட்ரைக் ஸோனை, அதாவது பந்து கடந்து போக வேண்டிய கற்பனைப் பரப்பை, ஒன்பது கட்டமாகப் பிரித்து, பந்தைப் பிடிக்கிற கேட்சர் அபே கேட்கிற கட்டத்தில் அப்படியே கொண்டுபோய்ப் போடுவான். வீட்டில் தன்னந்தனியாகப் பலகையில் எறிந்து எறிந்து வந்த கை அது.

பழைய பள்ளியோடு பயிற்சி ஆட்டம். அபே அவன் கையைப் பிடிக்கிறான். பயத்தில் சில்லிட்டுக் கிடக்கிறது. இவ்வளவு உழைத்தவனை யாருமே ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அபேவுக்குக் கண் கலங்குகிறது. எனக்கும்தான், ஒவ்வொரு தடவையும்.

பள்ளிகளுக்கான தேசியப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு ஆட்டம் தோற்றாலும் அந்தக் கோடை முடிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பையன் பந்து எறியும் மேட்டில் ஏறி நிற்கிறான்.

இன்றைக்கு டோசெய் ஆட்டம். போன கோடையில் மாகாணத்தையே ஜெயித்த அணி, முதல் ஆட்டத்திலேயே எதிரில். மழையும் வரும். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும்.