ஸ்பிட்ஃபயருக்கு எந்த இன்ஜின்?

ஜூன் 8, 2025, பாபநாசம்

ஒரு மாதமாக என் பழைய ஸ்பிட்ஃபயர் காரில் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் முன்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். இன்று மெக்கானிக் பாய் வந்தார். பானெட்டைத் தூக்கினோம். இந்த வண்டியில் பானெட் என்றால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பாதி முழுவதும்தான். தூக்கிவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

பாய் என்னை டயரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஏறி மிதித்தார். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் புல்லி என்னைப் பார்த்து நகர்ந்து வந்தது. காலை எடுத்ததும் உள்ளே போனது. ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்கும். காகிதம் நுழையும் அளவுக்குத்தான் அசைய வேண்டும்.

இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால், கிராங்க்கை முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்திருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் இரண்டும் எண்ணெயில் கிடக்கின்றன. ஒன்று உடைந்தே போயிருக்கிறது. அதற்கப்புறமும் நான் ஓட்டியிருக்கிறேன். கிராங்க் உரசி, இன்ஜினின் உடலான பிளாக்கையே தின்றுவிட்டது.

காரணம் நான்தான். ரயில்வே கேட் போட்டால் நியூட்ரலுக்குப் போக மாட்டேன். கியரிலேயே கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ரயில் போகும்வரை உட்கார்ந்திருப்பேன். பெரியப்பா இருந்தவரை இதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. 1968 மாடல், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. அவர் லண்டனில் டாக்டராக இருந்துவிட்டு 1971-ல் கப்பலில் கொண்டுவந்தது.

ஜூன் 10

கும்பகோணம் லேத். ஆசாரி பிளாக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வார்ப்பிரும்பு தம்பி. வெல்டு வெச்சு கடைஞ்சு தரலாம். நிக்கும்னு சொல்ல மாட்டேன்” என்றார். கை சுத்தமான ஆள். அவரே தயங்கினால் வேறு இன்ஜின்தான்.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாயிற்று. ஊரே குறுவை பற்றிப் பேசினாலும் என்னைப் பார்த்ததும் இன்ஜினுக்குத் தாவிவிடுகிறார்கள். சித்தப்பா அம்பாசிடர் டீசல் போடு என்கிறார்; லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை. அந்த இரும்புக் கட்டியை முன்னால் வைத்தால் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும்.

ஜூன் 15

அக்கா மகன் சொல்வது மாருதி ஜிப்ஸி ஜீப்பின் இன்ஜின். இதை நான் தள்ளிவிட முடியவில்லை. 1298 சி.சி.; என்னுடையது 1296. பிளாக்கே அலுமினியம், அதனால் எடை குறைவு. நீளவாக்கில் உட்காரும் இன்ஜின், பின்சக்கரத்துக்கு ஏற்ற கியர்பாக்ஸ் அதனுடனேயே வரும். பின்னாளில் வந்த இன்ஜெக்‌ஷன் ரகம் 80 குதிரைத் திறன். என் பழைய இன்ஜின் புதிதாக இருந்தபோதே 75-தான். பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும்.

பாய் மறுக்கவில்லை, விரல் விட்டு எண்ணினார். இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் புதிதாகச் செய்ய வேண்டும், சம்ப்பை வெட்டி ஒட்ட வேண்டும், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அளவெடுத்து வெட்ட வேண்டும், ஒயரிங் முழுக்கப் புதிது. கடைசியாகப் பின்னால் போய்க் குனிந்து, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின் அச்சான ஸ்விங் ஆக்சிலைக் காட்டினார். வளைவில் வேகமாகப் போய் பட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடியும். “இதுக்கு பவர் வேணாம் தம்பி, பயம் வேணும்.”

ராத்திரி யோசித்தேன். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஒரு மேடு உண்டா? வாய்க்கால் பாலத்துக்கு மட்டும் வண்டி கொஞ்சம் ஏறி இறங்கும். முன்னால் எப்போதும் ஒரு டிராக்டர், கோடையில் ரோட்டில் பாதிக்கு நெல். 80 குதிரையைக் கட்டித் தீனி போடவா?

ஜூன் 19

ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாசாரம் தெரிந்த நண்பரிடம் கேட்டேன். இன்ஜின் மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இன்னொன்றும் சொன்னார். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு வந்திருக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அந்தப் பதிவில் தினப்படி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான்.

எனக்குக் கண்காட்சி வேண்டாம். கும்பகோணம் போய் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வர வேண்டும்.

ஜூன் 22

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று கிடப்பதாக பாய்க்குத் தகவல். வண்டலூர் தொழிற்சாலையில் செய்தது, 948 சி.சி. போய்ப் பார்த்தால் கூரை வழியாக வேப்பங்கன்று. சீட்டில் கோழி அடை காக்கிறது. பானெட்டுக்குள் எல்லாம் அப்படியே இருந்தது.

ஸ்பிட்ஃபயரே ஹெரால்டு சேசிஸை வெட்டிச் சுருக்கிச் செய்ததுதான். இன்ஜினும் ஒரே வம்சம். 1953-ல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டின் 803 சி.சி., ஹெரால்டின் 948, என்னுடைய 1296, எல்லாவற்றிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஓடும் துளை மட்டும் பெருத்துக்கொண்டே போனது. பாய் சின்ன வயதில் வாடகை ஹெரால்டுகளில் தொழில் பழகியவர். மவுன்ட் அப்படியே உட்காரும் என்கிறார். திறன் என்னவோ பாதிதான். சரி, போகட்டும்.

18,000-க்கு முடித்தோம். கோழியை நகர்த்தவில்லை.

ஜூன் 25

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி மூன்று நாள் விட்டிருந்தோம். இன்று காலை புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு பாய் மெதுவாக அழுத்த, முக்கி முனகி ஒரு சுற்று வந்தது. நான்கு துளைகளும் கறுப்பாகத் துப்பின. நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, கிராங்க்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். முள் 0.15 மில்லிமீட்டரில் நின்றது, காகித அளவுதான்.

சாயங்காலம் ஒயர் பிரஷ்ஷால் இன்ஜின் நம்பரைத் தேய்த்தேன், விண்ணப்பத்தில் எழுத வேண்டுமே. கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை. நாளைக்குச் சாக்பீஸ் தடவிப் பார்க்க வேண்டும்.