கோத்தகிரி என்று தேடினால் கிடைக்க வேண்டும்: என் ஆய்வேட்டைப் பிடிஎஃப்-ஏ ஆக்கிய அனுபவம்

போன நவம்பரில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மின்வடிவில் அனுப்பினேன். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. மின்னஞ்சலில் இரண்டே வரி: கோப்பு காப்பகத்துக்கான பிடிஎஃப்-ஏ வடிவில் இல்லை, கடவுச்சொல்லை நீக்கி மீண்டும் அனுப்பவும். கடைசித் தேதிக்கு 18 நாள் இருந்தது. கோத்தகிரியில் அந்த வாரம் முழுக்க மழை, கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இந்த வேலையில் நான் பட்டதை எழுதி வைக்கிறேன், முக்கியமாகத் தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்காக, ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு வராத ஒரு சிக்கல் நமக்கு இதில் இருக்கிறது, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் ஆய்வு கோத்தகிரி வட்டாரத்து ஊர்ப்பெயர்களைப் பற்றியது. அட்டி என்று முடியும் படுகர் ஊர்கள், கோக்கால் என்று வழங்கும் கோத்தர் குடியிருப்புகள், தேயிலை எஸ்டேட்டுகள் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர்கள். ஐந்து வருடம் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியது. யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் நகலெடுக்க முடியாதபடி கடவுச்சொல் போட்டிருந்தேன். பிடிஎஃப்-ஏ கோப்பில் எந்தப் பூட்டும் இருக்கக்கூடாது. 50 வருடம் கழித்துத் திறக்கிறவரிடம் சாவி இருக்காதே. காரணம் புரிந்ததும் தயங்காமல் எடுத்துவிட்டேன்.

பிடிஎஃப்-ஏ என்பது காப்பகத்துக்கான பிடிஎஃப். 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வந்தது. கோப்பைத் திறக்கத் தேவையான எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எழுத்துருக்கள் உள்ளே பொதிந்திருக்க வேண்டும், நிறங்கள் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும்படி வரையறுத்திருக்க வேண்டும், ஒலி, காணொளி, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, தலைப்பும் ஆசிரியர் பெயரும் மேல்தரவாக, அதாவது கோப்பைப் பற்றிய தகவலாக, உள்ளே இருக்க வேண்டும். முதல் பதிப்பில் ஒளி ஊடுருவும் படங்களுக்கு இடமில்லை. என் வரைபடங்களில் காடுகளை மெல்லிய பச்சையால் மூடியிருந்தேன், அது முதல் பதிப்பில் நிற்காது. 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை அனுமதிக்கிறது. பதிப்பு எண்ணுக்குப் பிறகு ஓர் எழுத்து வரும்: பி என்றால் பார்வைக்கு அப்படியே இருக்கும் என்ற உறுதி, யு என்றால் எழுத்துகளுக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) அடையாளமும் உண்டு, ஏ என்றால் தலைப்பு, பத்தி என்ற அமைப்பும் சேர்ந்து இருக்கும். நூலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார், 2பி இருந்தால் போதும் என்றார்.

லிப்ரெஆபீஸில் கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஏற்றுமதியில் காப்பக வடிவம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 2பி என்று குறித்து எடுத்தேன். வேராபிடிஎஃப் என்று ஒரு இலவசச் சோதனைக் கருவி இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்தேன். எல்லா விதிக்கும் உட்பட்டிருக்கிறது என்று வந்தது. (இணையத்தில் கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு. இன்னும் சமர்ப்பிக்காத ஆய்வேட்டை முகம் தெரியாத இடத்தில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.) சரி, முடிந்தது என்று நினைத்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு பக்க எண்ணைச் சரிபார்ப்பதற்காகக் கோப்பில் கோத்தகிரி என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது.

கோத்தகிரியைப் பற்றிய ஆய்வேட்டில் கோத்தகிரி இல்லை. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோதுதான் காரணம் தெரிந்தது. அத்தனையும் ஆங்கில எழுத்துகள். கையெழுத்துப் படியை டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். பாமினியில் தமிழ் என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். தமிழாகத் தெரிவது அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு உள்ளே பொதிந்திருப்பதால் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. யு நிலைக்குச் சோதித்தாலும் தேறியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யூனிகோட் அடையாளம் இருக்கிறது, ஆனால் அது ஆங்கில எழுத்தின் அடையாளம். சோதனைக் கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியே அனுப்பியிருக்கலாம். நூலகம் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆனால் இந்த ஏடு கடைசியில் சோத்கங்காவுக்குப் போகும், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் அந்தக் களஞ்சியத்தில் நாடு முழுக்க உள்ள ஆய்வேடுகள் இருக்கின்றன. அங்கே யாராவது ஓர் ஊர்ப்பெயரைத் தேடும்போது என் ஏட்டின் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. எனக்குப் பெயர்க் காரணம் சொன்ன பெரியவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அவர்கள் சொன்னது தேடினால் கிடைக்காத இடத்தில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெறியாளரிடம் சொன்னேன். "நாள் இருக்கிறதாம்மா?" என்று மட்டும் கேட்டார். 14 நாள் இருந்தது.

பாமினியை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை உண்டு, தனித் தமிழ்ப் பத்தி என்றால் அது போதும். என் ஏட்டில் தமிழுக்கு நடுவே ஆங்கிலப் பெயர்களும் ஒலிப்புக் குறியீடுகளும் இருந்தன. மொத்தமாக மாற்றினால் ஆங்கிலமும் பொருளற்ற தமிழாகிவிடும். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் சித்தி மகன் தம்பியைக் கூப்பிட்டேன். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி இருக்கிறது, பாமினி எழுத்துருவில் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றி அதே இடத்தில் வைக்கலாம் என்றான். ஒரே இரவில் எழுதி அனுப்பினான்.

முதல் முயற்சியில் பக்கத்துக்குப் பத்துச் சொல் உடைந்தது. ஒற்றைக்கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும், பக்கத்தில் ககரம் தனியாக. பாமினியில் கொம்பை முதலில் அடிப்போம், அப்புறம் மெய்யெழுத்து, கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. மாற்றும் நிரல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரிசையைத் திருப்ப முடியும். ஆனால் டாக்எக்ஸ் என்ற வேர்ட் கோப்பு ஒரே சொல்லைக்கூட உள்ளுக்குள் துண்டு துண்டாக வைத்திருக்கும், நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலே போதும். கொம்பு ஒரு துண்டிலும் ககரம் அடுத்த துண்டிலும் மாட்டிக்கொண்டால் உடைந்துவிடும். "அக்கா, பக்கத்துப் பக்கத்தில் ஒரே எழுத்துருவில் இருக்கிற துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு மாற்றுகிறேன்" என்றான். அதற்குப் பிறகு மொத்த ஏட்டிலும் நாற்பது இடம்தான் மிஞ்சியது, கையால் திருத்தினேன். அடிக்குறிப்புகளை அந்த நிரல் தொடவில்லை, அவற்றைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. இதைக் கவனிக்காமல் விடுவது மிக எளிது.

நாள் தின்றது இது இல்லை, பக்க எண்கள். யூனிகோட் எழுத்துருவின் அகலம் வேறு, 286 பக்கம் 301 ஆகிவிட்டது. பொருளடக்கம் தானாக மாறிக்கொண்டது. பின்னால் இருந்த ஊர்ப்பெயர் அடைவு கையால் போட்டது, எல்லா எண்ணும் தப்பு. அம்மா அச்சுப்படியை வைத்துக்கொண்டு பெயரைப் படிக்க, நான் கோப்பில் தேடி எண்ணைச் சொல்ல, மூன்று நாள் உட்கார்ந்தோம். கரண்ட் இல்லாத மாலைகளில் லேப்டாப் சார்ஜ் தீரும்வரை செய்துவிட்டு எழுந்துவிடுவோம். தேடினால் கிடைக்கிறது என்பதால்தான் மூன்று நாளில் முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு வேறொரு மென்பொருளில் எடுத்த பிடிஎஃப்பில் மறுபடியும் கோத்தகிரி கிடைக்கவில்லை, அட்டி மட்டும் கிடைத்தது. பிடிஎஃப் எழுத்து வடிவங்களைத் தெரிகிற வரிசையில் வைக்கிறது, எனவே நகலெடுத்தால் கொம்பு மறுபடியும் முன்னால் வந்துவிடுகிறது. இந்த இடத்தின் உண்மையான எழுத்து இது என்று உள்ளே தனியாகக் குறித்து வைக்க ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் மென்பொருளில் எடுத்தால்தான் சரியாக வரும். லிப்ரெஆபீஸின் புதிய பதிப்பில் எடுத்தபோது சரியாக வந்தது. ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறவர்கள் அதற்கான கட்டளையை ஆவணத்தின் தொடக்கத்தில் போட வேண்டும். எதில் எடுத்தாலும் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள், கொம்பு இல்லாத சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள்.

இயல் இயலாகத் தனிக் கோப்பு வேண்டும் என்றார்கள். முழு பிடிஎஃப்பை ஒரு கருவியில் வெட்டினேன், வெட்டிய துண்டுகள் சோதனையில் தேறவில்லை, மேல்தரவு போய்விட்டது. மூலக் கோப்பிலேயே பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொன்றையும் சோதித்தேன். அதற்கு ஒரு மதியம் போனது.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன் அனுப்பினேன். வீட்டில் சிக்னல் நிற்காததால் டானிங்டனில் ஒரு கடை வாசலில் குடையோடு நின்று போனிலிருந்துதான் ஏற்றினேன். மறுநாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அன்று இரவு கோப்பைத் திறந்து, இறந்துபோன அந்த மூன்று பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக அடித்துத் தேடினேன். மூன்றும் கிடைத்தன.