மண்ணெண்ணெய் மிசினுக்கு ரைமிங் வைத்த கதை

போன சிறுபோகத்தில் கச்சானும் மிளகாயும் ஒன்றாகத் தண்ணீர் கேட்டு நின்ற நேரம் எங்கள் இறைப்பு மிசின் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றைத் திருப்பி இழுத்து என் கையைப் பிடுங்கியது. இரண்டு விரல் வீங்கிவிட்டது. விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்கிற எவருக்கும் அந்த அடி தெரிந்திருக்கும். எனக்கு அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க நாலு நாள் எடுத்தது. பழைய எஞ்சினுக்கு எலெக்ரோனிக் மொடியூல் பொருத்த யோசிக்கிற யாருக்காவது இது உதவட்டும்.

எங்கள் மிசின் அப்பா வாங்கியது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சைட் வால்வ் எஞ்சின், 2 அங்குலப் பம்ப் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கோடு நேரடியாகப் பூட்டியிருக்கும். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் பைப்பைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. போர் நடந்தபோது பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்து நாலு துளி விட்டு உதைத்தால்தான் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆள் அப்பா. மண்ணெண்ணெய் எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, ஒவ்வொரு துளியும் ஒழுங்காக எரிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளக்கில் நெருப்பு விழ வைக்கத் திறந்து மூடுகிற பொயின்ற் அடிக்கடி கருகியது. மாரியில் ஈரம் பிடித்தால் அன்று முழுக்க ஸ்டார்ட் வராது. கிளிநொச்சியில் ஒரு கடையில் பொயின்ற்றுக்குப் பதிலாகப் போடுகிற சின்ன எலெக்ரோனிக் மொடியூல் ஒன்று கிடைத்தது. பெருவிரல் அளவு, இரண்டு வயர். ஒன்று நெருப்புக்கு மின்சாரம் கொடுக்கிற சுருளான கொயிலுக்கு, மற்றது எஞ்சின் உடம்புக்கு. முதலில் மாறிக் கொடுத்துவிட்டேன், நெருப்பே வரவில்லை. மாற்றிப் பூட்டினதும் பிளக்கில் நீல நெருப்பு பளிச்சென்று வந்தது. சந்தோசமாகக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். அப்போதுதான் அந்த அடி.

பக்கத்துக் காணி ஐயா பழைய மெக்கானிக். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கயிறு கையைப் பிடுங்குது எண்டால் நெருப்பு வெள்ளன விழுகுது. பிளைவீலைக் கழட்டிச் சாவியைப் பார்."

கழற்றினேன். கிராங்குக்கும் அதன் முனையில் சுழல்கிற பாரச் சக்கரமான பிளைவீலுக்கும் நடுவில் இருக்கிற அரைவட்டச் சாவி படிக்கட்டுப் போலப் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. விரல் நகத்தை ஓட்டினால் படி தடுத்தது, ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கும். போன வருசம் பம்புக்குள் கல் சிக்கி எஞ்சின் சடாரென்று நின்றது நினைவுக்கு வந்தது. கிராங்க் நின்றுவிட்டது, பாரமான பிளைவீல் நிற்காமல் முன்னுக்குப் போய்ச் சாவியை வெட்டியிருக்கிறது.

அப்படியானால் ஒரு வருசம் அது எப்படி ஓடியது? எங்கள் எஞ்சினில் பொயின்ற்றைத் திறக்கிற கேம் கிராங்கிலேயே இருக்கிறது. பிளைவீல் சற்று விலகினாலும் நெருப்பு விழுகிற நேரம் மாறாது, நெருப்பின் பலம்தான் குறையும். மொடியூலோ பிளைவீலில் உள்ள காந்தம் கொயிலைக் கடக்கிற நேரத்தைப் பார்த்து நெருப்பு விடுகிறது. 20 மில்லிமீற்றர் தண்டில் ஒன்றரை மில்லிமீற்றர் விலகல் என்றால் கிட்டத்தட்ட எட்டரைப் பாகை. அத்தனையும் அப்படியே ரைமிங்கில், அதாவது நெருப்பு விழுகிற நேரத்தில், ஏறி நெருப்பு முந்திவிட்டது. மொடியூல் போடுகிறவர்கள் முதலில் சாவியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதுச் சாவி போட்டதும் கயிறு கையைப் பிடுங்குவது நின்றது. ஆனால் மண்ணெண்ணெய்க்குத் திருப்பித் தண்ணீர்ப் பாரம் ஏறினதும், தகரப் பேணிக்குள் காய்ந்த கச்சானைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்குகிற தன்மை, குறைவு; நெருப்பு வெள்ளன விழுந்தால் சிலிண்டருக்குள் தானாகவே வெடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவன் வீட்டுக் கராஜில் சின்ன விமானம் கட்டுகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறான். அவனிடம் கேட்டேன். அவர்கள் போடுகிற லைக்கொமிங் எஞ்சின்கள் பலவற்றில் காந்தத்தால் நெருப்பு விடுகிற மக்னீற்றோ, பிஸ்டன் உச்சிக்கு வர 25 பாகை முந்தி என்று நிலையாக நிற்குமாம். எலெக்ரோனிக் இக்னிசன் போட்டால் ஒரேயடியாகக் கூட்டிக் குறைக்காமல் ஒன்றிரண்டு பாகையாக நகர்த்தி, சிலிண்டர் தலைச் சூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் போவார்களாம். "மச்சான், அங்கை வானத்திலை நிண்டால் விழும், உனக்குக் கிணத்தடியிலை நிண்டாலும் பயிர் வாடும். முதல்ல மேல்ச்சாவு எங்கை எண்டு சரியா அடையாளம் போடு" என்றான்.

பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தைத்தான் அவன் மேல்ச்சாவு என்றான். அங்கே பிஸ்டன் அசைகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, பிளைவீல் சில பாகை திரும்பியும் பிஸ்டன் அப்படியே நிற்பது போல இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து அடையாளம் வைத்தால் பிழைக்கும். சைட் வால்வ் எஞ்சினில் தலையைக் கழற்றுவது லேசு. கழற்றி, சிலிண்டருக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டியைப் பூட்டி, நடுவில் பிஸ்டன் உச்சிக்கு வருமுன் முட்டுகிற மாதிரி ஒரு போல்ட்டை இறக்கினேன். பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்ப, முட்டி நின்ற இடத்தில் ஒரு கோடு. மறுபக்கம் திருப்பி முட்டினதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுதான் உச்சி. மனைவியின் வெள்ளை நகப் பூச்சால் அங்கே ஒரு கோடு இழுத்தேன். தலை கழன்ற கையோடு கரியையும் சுரண்டினேன்.

எங்கள் பிளைவீல் 180 மில்லிமீற்றர் விட்டம். சுற்றளவு 565 மில்லிமீற்றர், 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்கு 1.57 மில்லிமீற்றர். தையல் நாடாவைப் பிளைவீலில் சுற்றி, உச்சிக்கு முந்தின 20, 23, 26 பாகைக்குக் கோடுகள் போட்டேன்.

அப்புறம் ரைமிங் லைற், பிளக்கில் நெருப்பு விழும்போதெல்லாம் மின்னுகிற விளக்கு. ஐயா ஒரு கராஜில் இரவல் வாங்கித் தந்தார். மோட்டார் சைக்கிள் பற்றரியில் வயரைக் கொடுத்து, பிளக் வயரில் கிளிப்பை மாட்டி, இருட்டுகிற நேரம் ஸ்டார்ட் பண்ணினோம். நிமிசத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நெருப்பு என்பதால், செக்கனுக்கு 50 தரம் வெளிச்சம் அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் சுழல்கிற பிளைவீல் நிற்பது போலத் தெரியும். வெள்ளைக் கோடு ஒரே இடத்தில் மெல்ல நடுங்கிக்கொண்டு நின்றது. அப்பா கிட்ட வந்து குனிந்து பார்த்தார். இத்தனை வருசம் காதால் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

24 பாகை காட்டியது. பெற்றோலுக்குப் பரவாயில்லை, மண்ணெண்ணெய்க்கு அது அதிகம். நெருப்பைப் பிந்த வைக்க, பிளைவீல் சுற்றுகிற திசையிலேயே கொயிலை நகர்த்த வேண்டும். கொயிலின் துளைகளை அரத்தால் ஒரு பக்கம் 3 மில்லிமீற்றர் நீட்டினேன். பிளைவீலுக்கும் கொயிலுக்கும் இடைவெளி வைக்க ஒரு விசிற்றிங் கார்ட்டை நடுவில் செருகி இறுக்கிவிட்டு உருவினேன். 22 பாகை வந்தது. காலையில் சத்தம் இல்லை, மத்தியான வெயிலில் பாரத்தோடு மெல்லக் கேட்டது. இன்னும் ஒன்றரை மில்லிமீற்றர். 21இல் சத்தம் அடங்கியது.

இன்னும் குறைத்தால் எப்படி என்று 18 வரை இழுத்துப் பார்த்தேன். சைலன்சர் கூடுதலாகக் கொதித்தது, 200 லீற்றர் பீப்பாய் நிறைய 33 செக்கன் எடுத்தது 37 ஆனது. திரும்ப 21க்கே கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது முனை தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாக இருந்தது.

இன்னொன்று. நிறுத்துமுன் பெற்றோலுக்குத் திருப்பி இரண்டு நிமிசம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எரியாத மண்ணெண்ணெய் இறங்கி ஒயிலோடு கலந்தால், ஒயில் பார்க்கிற கம்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாலே மணக்கும். அந்த ஒயிலோடு ஓட்டினால் நான் வைத்த ரைமிங்கால் ஒரு பிரயோசனமும் இல்லை.

போன கிழமை ஐயாவின் மிசினையும் கழற்றினோம். அவருடைய சாவியும் வெட்டுப்பட்டுத்தான் இருந்தது.