குறைந்த செலவில் கேமிங் கணினி: ரேமில் நான் கோட்டைவிட்ட கதை

கேமிங் கணினிக்குப் பாகம் தேடுமுன் திரையைத் தீர்மானித்துவிட வேண்டும். 1080பி திரையில் விளையாடப் போகிறவருக்கு 4கே காட்சிக்கென உருவான கிராபிக்ஸ் கார்டு வீண் செலவு. இருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிவிட்டு, ஆறு கோர் கொண்ட நடுத்தரப் பிராசஸரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. கேபினட்டின் வண்ண விளக்குகள் நொடிக்குத் திரையில் வரும் படங்களான ஃபிரேம்களில் ஒன்றைக்கூடக் கூட்டித் தருவதில்லை.

நான் கோட்டைவிட்டது கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில். 8 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டை வாங்காமல் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை மட்டும் பொருத்தியதால், இரண்டு ஸ்டிக்குகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனல் வசதி இருந்தும் பயன்படாமல் போனது. விளையாட்டில் கூட்டம் மிகுந்த சந்தைக் காட்சி வரும்போதெல்லாம் படம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. பிறகு இரட்டை ஸ்டிக்குகளுக்கு மாறியபோதும், உறையில் வேகம் 3200 என்று அச்சிட்டிருந்த டிடிஆர்4 ரேம், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் 2133 என்றே காட்டியது. எக்ஸ்எம்பி என்ற ஒற்றை அமைப்பை இயக்கிய பின்னரே முழு வேகம் கிடைத்தது.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது. அதன்மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளிருக்கும் பாகங்களின் தரத்துக்குச் சான்றாகாது. பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டை ஓட்டிப் பார்த்து வாங்குவேன். பயன்படுத்திய பவர் சப்ளையைத் தொடமாட்டேன்.