கால் தேறுமா?

“கால் தேறுமா, தேறாதா? ஒரே வார்த்தையில் சொல்லு.”

ஐஸ் ஹாக்கியில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். அதற்கு முந்தைய கூட்டத்தில், ஆள் தேடும் ஸ்கவுட்டான என்னிடம் பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் ஸ்கேட்டிங் பற்றி எங்கள் அணியின் தலைமை ஸ்கவுட் கேட்டது இவ்வளவுதான். “தேறும்” என்றேன். “நீ பார்த்ததா, நினைக்கிறதா?” என்றார். அதற்கு என் பதில் நீளமாகப் போய்விட்டது. நீளமான பதிலுக்கு அந்த அறையில் மதிப்பு கிடையாது. பட்டியலில் பையனின் பெயர் கீழே கீழே இறங்கியது. எங்கள் முறை வந்தபோது வேறு ஒருவனை எடுத்தோம். நாங்கள் ஆடும் ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற கனடா இளையோர் லீக்கின் மற்ற 19 அணிகளும் அவனை எடுக்கவில்லை. அதனால் பிழை என்னுடையது மட்டும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ரிப்போர்ட்டில் எழுதியதில் ஒரு வரியைக்கூட இன்று மாற்ற மாட்டேன். ஸ்கேட்டிங் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன்: முதல் மூன்று ஸ்ட்ரைடில் (ஐஸைக் காலால் தள்ளிச் சறுக்கும் எட்டில்) வேகம் எழவில்லை, முழங்கால் போதுமான அளவு மடிவதில்லை, தள்ளுகிற கால் முழுதாக நீளும் முன்பே திரும்பிவிடுகிறது. கோல் அடிக்கும் திறனுக்கு அந்த வட்டாரத்தில் நான் பார்த்த யாருக்கும் தராத மதிப்பெண்ணைத் தந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. பதினைந்து வயதில் விழுகிற கோல்களில் பாதி வேகத்தால் விழுபவை. ஓரமாகப் பாய்ந்து, மெதுவான டிஃபென்ஸ்மேனைத் தாண்டி, இன்னும் உயரம் வராத கோல்கீப்பரின் தோளுக்கு மேல் அடித்தால் போதும். மேல் லீக்கில் எதிரே பத்தொன்பது வயதுக்காரன் நிற்பான், அந்தக் கோல்கள் அங்கே காணாமல் போய்விடும். இவனுடைய கோல்கள் அப்படிப்பட்டவை இல்லை. பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவான். பக் ஸ்டிக்கில் பட்டதும் அதை ஓர் அடி உள்ளே இழுத்துக் கோணத்தை மாற்றி அடிப்பான். கால் எந்த நிலையில் இருந்தாலும் அடிப்பான், நிலை எடுக்கக் காத்திருக்க மாட்டான். பெரும்பாலான கோல்கள் நெட்டுக்கு நேர் முன்னால், உதை வாங்குகிற இடத்திலிருந்து வந்தவை. அந்தக் கைத்திறன் மேல் லீக்குக்குப் போனாலும் உடன் வரும்.

கூட்டத்தில் நான் நீட்டிச் சொன்னது இதைப் பற்றி அல்ல, அவன் ஸ்கேட்டைப் பற்றி. ஒரு ஆட்டத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் கண்ணாடியோரம் நின்று பார்த்தேன். லேஸை மேல் ஓட்டை வரை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் கணுக்காலைச் சுற்றி டேப்பும் போட்டிருந்தான். கணுக்கால் முன்னே சாயாவிட்டால் முழங்கால் எப்படி மடியும்? போதாக்குறைக்கு அவன் நவம்பரில் பிறந்தவன். இந்த டிராஃப்டில் ஜனவரியில் பிறந்தவனும் அவனும் ஒரே வருடக் கணக்கு. அந்தக் குளிர்காலத்தில்தான் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தான். திடீரென்று நீண்ட காலை எப்படி வைத்துக்கொள்வது என்று உடம்புக்கே தெரியாத பருவம் அது.

“டேப்பை யார் வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம். அவிழ்த்த பிறகும் மெதுவாகவே இருந்தால்?” என்றார் தலைமை ஸ்கவுட்.

நான் பிரேடன் பாயிண்டைச் சொன்னேன். உச்ச லீக்கான என்.எச்.எல்.-இன் 2014 டிராஃப்டில் 79-வது ஆளாக எடுக்கப்பட்டவன். ஸ்கேட்டிங்தான் அவனுக்கும் குறை என்றார்கள். ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1984-இல் உலகப் பட்டம் வென்ற பார்பரா அண்டர்ஹில் அவனுடைய ஸ்ட்ரைடைச் செப்பனிட்டார், 2022-23 சீசனில் 51 கோல் அடித்தான். லுக் ரோபிடாயையும் சொன்னேன். மெதுவான கால் என்று 1984-இல் 171-வது இடம் வரை தள்ளப்பட்டவர், 668 கோல்களோடு ஓய்வுபெற்றார்.

“அந்த இரண்டு பேரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். கால் தேறாமலே போன ஆயிரம் பேரின் பெயரைச் சொல்லு பார்ப்போம்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அவர் சொன்னது சரி. அடுத்த செப்டம்பரில் இருபது வயது ஆட்களுக்கு எதிரே அவனை இறக்கப்போகிறவர் எங்கள் கோச், நான் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. டொராண்டோ பக்கம் அழகான ஸ்ட்ரைடு என்பது பிறவியில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. எட்டு வயதிலேயே தனி ஸ்கேட்டிங் கோச், கோடையிலும் ஐஸுக்கு வாடகை என்று பெற்றோர் கொட்டிய பணமும் அதில் தெரிகிறது. கையை வீட்டு கராஜில் இருட்டும் வரை பழக்கலாம். காலுக்கு ஐஸ் வேண்டும், ஐஸுக்குக் காசு வேண்டும். ஆக நான் “கால் தேறும்” என்றபோது அவனுக்கு இதுவரை சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை என்பதைத்தான் சொன்னேனோ என்று தோன்றுகிறது. அப்படியானால் அது என் கணிப்பா, இரக்கமா? பார்த்ததைத்தான் சொன்னேன் என்று சில நாள் உறுதியாக நம்புகிறேன். வேறு சில நாள், அந்தக் கை மீது இருந்த மயக்கத்தில் காலுக்குச் சாக்குத் தேடினேனோ என்று படுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

அவன் இப்போது எங்கள் லீக்குக்குக் கீழ்ப்படியான ஜூனியர் ஏ-வில் ஆடுகிறான். கோல் அடிக்கிறான். முதல் ஸ்ட்ரைடுகள் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள். இதனால் என் வாதம் வென்றதா? இல்லை. அங்கே ஆட்ட வேகம் வேறு.

இந்த சீசனில் எங்கள் படிவத்தில் பிறந்த மாதமும் ஒரு வருடத்தில் கூடிய உயரமும் எழுத இடம் கேட்டேன். மாதத்துக்குத் தலைமை ஸ்கவுட் ஒப்புக்கொண்டார். உயரத்தைப் பெற்றோர் கூட்டிச் சொல்வார்கள், வேண்டாம் என்றார். அதுவும் உண்மைதான். அப்புறம் போன மாதம் இதே மாதிரி இன்னொரு பையனைப் பார்த்தேன். நல்ல கை, நிமிர்ந்த முழங்கால். “கால் சந்தேகம்” என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். அவன் ஸ்கேட்டை எப்படிக் கட்டியிருந்தான் என்று பார்க்கக் கண்ணாடியோரம் நான் போகவில்லை.