கிடங்குக் கணக்குத் தெரிந்த ஜெனரல்

1965 அக்டோபர் 1. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் மெர்டேகா சதுக்கத்தில் விடியற்காலையிலிருந்தே இரண்டு பட்டாலியன்கள் நின்றிருந்தன. ஆறு ஜெனரல்களைக் கொன்ற இயக்கத்தினர் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். சதுக்கத்தின் மூன்று பக்கமும் காவல் போட்டவர்கள், கிழக்குப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். அங்கேதான் கொஸ்ட்ராட் என்ற சேமப் படையின் தலைமையகம் இருந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு: நின்றவர்களுக்குச் சாப்பாடு வரவில்லை. வெயில், தாகம், பசி. சாயங்காலத்துக்குள் 530-ஆம் பட்டாலியன் கொஸ்ட்ராட் வளாகத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. 454-ஆம் பட்டாலியன் ஹலீம் விமானத் தளத்துக்குப் பின்வாங்கியது. வானொலி நிலையம் அன்று மாலையே சண்டையில்லாமல் கைமாறியது. கொஸ்ட்ராட் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் சுஹார்த்தோவுக்கு அப்போது வயது 44.

அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் சதியையும் ரத்தத்தையும் தேடிப் போகிறார்கள். இரண்டும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் இந்தோனேசியாவை ஆண்ட 32 ஆண்டில் அவர் என்ன வேலை பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று தெரிய வேண்டுமானால் சப்ளை டிப்போ பேரேட்டைப் புரட்டுவதுபோலப் புரட்ட வேண்டும்.

1921 ஜூன் 8-இல் யோக்யகர்த்தா அருகே கெமுசுக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஊரின் பாசனப் பொறுப்பாளர், நம் பக்கத்து நீர்க்கட்டி மாதிரி. கிராம வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சைக்கிளிலிருந்து இறங்கும்போது இருந்த ஒரே நல்ல வேட்டி கிழிந்து, அந்த வேலையும் போனது. 1940-இல் டச்சுக்காரர்களின் காலனிப் படையில் சேர்ந்தார். ஜப்பானியர் வந்ததும் போலீஸ், பிறகு அவர்கள் அமைத்த பேத்தா படை. 1945-இல் குடியரசுப் படை. மூன்று எஜமானர்கள், ஒரே தொழில். 1949 மார்ச் 1-இல் யோக்யகர்த்தா நகரை டச்சுக்காரர்களிடமிருந்து ஆறு மணி நேரம் பிடித்துவைத்த தாக்குதலுக்குப் பின்னாளில் பெரும் புகழ் சேர்த்தார்கள். அந்த யோசனை யாருடையது என்பதில் யோக்யகர்த்தா சுல்தானின் தரப்புக்கும் அவர் தரப்புக்கும் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

உண்மையான பயிற்சிக்கூடம் மத்திய ஜாவாவின் செமாராங் நகரம். 1950-களின் பிற்பகுதியில் அங்கே டிப்போநெகோரோ படைப்பிரிவின் தளபதி அவர். மத்திய அரசு அனுப்பும் பணம் படையின் உணவுக்கும் உடைக்கும் குடியிருப்புக்கும் போதாது. அதனால் படைப்பிரிவே அறக்கட்டளைகளையும் கம்பெனிகளையும் தொடங்கியது. உணவுப் பஞ்சத்தைக் காரணம் காட்டிச் சர்க்கரையை வெளியே அனுப்பி அரிசி வாங்கினார்கள். சப்ளைக்காரராக வந்த லீம் சியோ லியோங், கூட்டாளியாக வந்த பாப் ஹசன் இருவரும் அந்தக் காலத்துப் பழக்கம். கணக்கு விசாரணை வந்தது. 1959-இல் தளபதி நசுத்தியோன் அவரைப் பதவியிலிருந்து எடுத்து பாண்டுங் ராணுவக் கல்லூரிக்கு அனுப்பினார். தண்டனையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தர விட்ஜோயோ நிட்டிசாஸ்ட்ரோ போன்ற பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு நிதியும் திட்டமும் அவர்கள் கைக்குத்தான் போயிற்று.

ஜெனரல்களின் கொலைக்குக் கம்யூனிஸ்ட் கட்சிதான் காரணம் என்று ராணுவம் சொன்னது. 1965 கடைசியிலும் 1966-இலும் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் செத்தவர்கள் 5 லட்சத்துக்குக் குறையாது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. ஊர்க்காரர்களின் கோபம் தானாகப் பொங்கியது என்று நெடுநாள் சொன்னார்கள். பெயர்ப் பட்டியலும் லாரியும் காவல் முகாமும் தானாகப் பொங்குவதில்லை. அதற்கும் ஒரு சப்ளை ஏற்பாடு தேவைப்பட்டது, அதை ராணுவம் செய்தது. இதை விட்டுவிட்டு அவருடைய நிர்வாகத் திறமையைப் பேசுவது பாதிப் பேரேட்டைக் கிழித்துவிட்டு மீதியைக் கூட்டுவது.

1966 மார்ச் 11-இல் அப்போதைய அதிபர் சுகர்ணோவிடமிருந்து அதிகாரக் கடிதம், 1967-இல் தற்காலிக அதிபர், 1968 மார்ச் 27-இல் முழு அதிபர். 1966-இல் விலைவாசி ஒரே ஆண்டில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அவர் முதலில் கைவைத்தது அரிசியில். 1967 மே மாதம் புலோக் என்ற கொள்முதல் அமைப்பு வந்தது, மாகாணங்களில் அதன் கிளைகளான டொலோக்.

வேலை நடக்கும் முறை இது. அறுவடைக்கு முன்பே அடிமட்ட விலை அறிவிக்கப்படும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் டொலோக் கிராமக் கூட்டுறவு வழியாக வாங்கிக் கிடங்கில் அடுக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரையான பற்றாக்குறை மாதங்களில் விலை உச்சவரம்பை நெருங்கினால் மூட்டைகள் சந்தைக்கு இறங்கும். அரசு ஊழியருக்கும் சிப்பாய்க்கும் சம்பளத்தின் ஒரு பகுதி அரிசியாகவே போகும். அதனால் பழைய சரக்கு தேங்காமல் நகரும். அரிசி விலைக்கும் உர விலைக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள்: விவசாயி 1 கிலோ அரிசி விற்ற காசில் 1 கிலோ யூரியா வாங்க முடிய வேண்டும்.

கேட்க எளிது. இரண்டு இடத்தில் இது உடையும். அடிமட்ட விலைக்கும் உச்சவரம்புக்கும் இடைவெளி குறைந்துபோனால் சேமித்து விற்பதில் வியாபாரிக்கு லாபமில்லை. அவர் ஒதுங்கிக்கொள்வார், மொத்தச் சரக்கும் அரசுக் கிடங்கின் தலையில் விழும். மழை பொய்க்கும் ஆண்டில் கொள்முதலும் குறையும், தேவையும் கூடும். 1972-இல் அதுதான் நடந்தது. கிடங்கில் சரக்கு போதவில்லை, உலகச் சந்தையிலும் அரிசி அரிதாயிற்று, விலை மளமளவென்று ஏறி இரட்டித்தது. அடுத்த ஆண்டு புலோக் தலைமைக்கு வந்த புஸ்தானில் அரிஃபின் 20 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். சரியாக வேலை பார்க்கும் ஆளை மாற்றாமல் வைத்திருப்பது சுஹார்த்தோவின் வழக்கம். நல்ல வழக்கமா என்பதை ஆளைப் பொறுத்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த அடி புகையான், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. 1970-களில் மகசூல் கூட வேண்டும் என்று பூச்சிக்கொல்லிக்கு மானியம் கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசே ஏற்றது. காசு குறைவென்றால் கை தாராளமாகும். புகையான் முட்டை இலையுறைக்குள் இருக்கும், மருந்து அதைத் தொடாது. மருந்துக்குச் செத்ததெல்லாம் புகையானைத் தின்னும் சிலந்தியும் நீர்ப்பூச்சியும்தான். முட்டை பொரிந்தபோது தின்ன ஆளில்லை. மருந்து அடித்த வயல்தான் அடிக்காத வயலைவிடத் தீய்ந்தது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்து, 1985-இல் ரோமில் உணவு வேளாண்மை அமைப்பின் மேடையில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு, மறு ஆண்டே ஜாவாவில் வயல்கள் காய்ந்த செய்தி. 1986 நவம்பரில் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று ஒரே ஆணையில் நிறுத்தினார். மானியமும் படிப்படியாக ஒழிந்தது. நிபுணர் சொன்னதை ராணுவ உத்தரவுபோல அமல்படுத்தியதில் அவர் செய்த மிகச் சிறந்த காரியம் இதுவென்றே தோன்றுகிறது.

அதே உத்தரவுக் குழாயில்தான் மற்றதும் ஓடியது. அதிபர் ஆணையின் பேரில் 1973-க்கும் 1978-க்கும் இடையே 61,000-க்கு மேற்பட்ட தொடக்கப்பள்ளிகள் எழுந்தன. மாகாணத்திலிருந்து கிராமம்வரை சிவில் நிர்வாகத்தின் பக்கத்திலேயே ஒரு ராணுவ நிர்வாகமும் இறங்கி வந்து, கிராமத்தில் பபின்சா என்ற சார்ஜென்டில் முடிந்தது. விதை வந்ததா, கருத்தடை முகாமுக்கு ஆள் வந்ததா, தேர்தலில் அதிபரின் கொல்கார் கட்சிக்கு ஓட்டு விழுந்ததா, எல்லாவற்றுக்கும் அந்தச் சார்ஜென்ட்தான் கண். 1971 முதல் 1997 வரை ஆறு தேர்தல், ஆறிலும் கொல்கார். கிழக்குத் திமோரில் 1975 டிசம்பரில் இறங்கிய படை அங்கே செய்ததும் இதே குழாயின் இன்னொரு முனை.

செமாராங் உண்டியலும் கூடவே வளர்ந்தது. சுஹார்த்தோவின் சூப்பர்செமார் அறக்கட்டளைக்கு அரசு வங்கிகள் நிகர லாபத்தில் 2.5 சதவீதம் தர வேண்டும் என்று 1978-இல் விதி வந்தது. ஏழை மாணவருக்கு உதவித்தொகை என்பது நோக்கம். உதவித்தொகையும் கொடுத்தார்கள், மீதியைக் கூட்டாளிகளின் கம்பெனிகளிலும் போட்டார்கள். லீமுக்குக் கோதுமை மாவு ஆலை, சொந்தப் பிள்ளைகளுக்குச் சுங்கச் சாலை, கிராம்பு வியாபாரம், கார்த் தொழில். பட்டாலியன் மெஸ்ஸுக்கு அரிசி வாங்கத் தொடங்கிய பழக்கம் எந்த ஆண்டில் கொள்ளையாக மாறியது என்று ஒரு கோடு போட முடியவில்லை. அவருக்கும் அந்தக் கோடு தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1997-இல் முறிந்தது அவர் பழகாத கிடங்கு: நாணயமும் வங்கியும். டாலருக்குச் சுமார் 2,400 ரூபியா இருந்தது 1998 ஜனவரியில் ஒரு கட்டத்தில் 16,000-ஐத் தாண்டியது. 1997 நவம்பரில் 16 வங்கிகளை ஒரேயடியாக மூடியபோது மற்ற வங்கிகளின் சேமிப்புக்கு முழு உத்தரவாதம் சொல்லவில்லை. மக்கள் எல்லா வங்கியிலும் வரிசையில் நின்றார்கள். மூடியதில் ஒன்று அதிபரின் மகனுடையது. அந்த மகன் வேறொரு வங்கியை வாங்கி மறுபடியும் கடை திறந்துவிட்டார். அதற்குப் பின் எந்த அறிவிப்பை யார் நம்புவார்? அந்த ஆண்டே எல் நினோ வறட்சியும் வந்து அரிசி விலை ஏறியது. 1998 மே 4-இல் பெட்ரோல் லிட்டர் 700-லிருந்து 1,200 ரூபியா ஆயிற்று. மே 12-இல் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுடப்பட்டபோது அதிபர் கெய்ரோ மாநாட்டில் இருந்தார். திரும்பி வந்து புது அமைச்சரவை அமைக்கப் பார்த்தார். மே 20-இல் 14 அமைச்சர்கள் சேர மாட்டோம் என்று கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் காலை விலகினார். சதுக்கத்தில் நின்ற பட்டாலியனைப்போல ஒவ்வொருவராகப் பக்கம் மாறியிருந்தார்கள்.

2008 ஜனவரி 27-இல் இறக்கும்வரை எந்தக் குற்றத் தீர்ப்பும் அவர்மேல் வரவில்லை. உடல்நிலையைக் காட்டி வழக்கு நின்றது. சூப்பர்செமார் மீதான சிவில் வழக்கு மட்டும் நடந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அறக்கட்டளை திருப்பித் தர வேண்டிய தொகையை எழுதியபோது, 13,900 கோடி ரூபியாவுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இலக்கம் விட்டுப்போயிற்று. அதைத் திருத்தி எழுத 2015 ஆனது.