ஓமெரின் சலாமும் அர்கினின் பாய்ச்சலும்

துப்பாக்கி முனையில் ஓர் ஊர்சுற்றிக்குக் கட்டாயக் கல்யாணம் நடக்கவிருக்கிறது. கடைசி நொடியில் அவன் மணமேடையிலிருந்து மாயமாய் மறைந்து, யாருக்கும் தெரியாத ஒரு கிரகத்தில் போய் நிற்கிறான். மனித உடலிலிருந்து உப்பை உறிஞ்சிக் கொல்லும் ஒரு பிராணி அங்கே உலவுகிறது. அந்தக் கொலைகளுக்கெல்லாம் பழியை ஏற்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே அங்கிருக்கும் விஞ்ஞானி நம் ஊர்சுற்றியை வரவழைத்திருக்கிறார். விசாரிக்க ஒரு விண்கலத்தின் தளபதியும், கூர்காது கொண்ட அவருடைய அதிகாரியும் வருகிறார்கள். ஊர்சுற்றிக்கு அவர்களைக் கண்டு பயமில்லை, வியப்புகூட இல்லை. நசுங்கிய தொப்பியோடும் பொத்தான் போடாத சட்டையோடும், இஸ்தான்புல் தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் எப்படிச் சலாம் வைப்பானோ அப்படியே வைத்துவிட்டு, கூர்காது அதிகாரியை விடாமல் கேள்வி கேட்கத் தொடங்குகிறான்.

இது 1973இல் ஹுல்கி சானெர் இயக்கிய ‘துரிஸ்த் ஓமெர் உசாய் யோலுந்தா’, அதாவது ‘சுற்றுலாக்காரன் ஓமெர் விண்வெளிப் பாதையில்’. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் கதையை, 1966இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தை அடியொற்றி, யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்ட படம். அந்தத் தொடர் அமெரிக்காவிலேயே வெள்ளித்திரைக்கு வந்தது 1979இல்தான். விண்வெளிப் பயணிகள் துருக்கியத் திரையரங்குகளில் அதற்கு 6 ஆண்டுகள் முன்னதாகவே நடமாடிவிட்டார்கள். வேற்றுக்கிரகத்துக்கு அரங்கம் அமைக்கப் பணம் இல்லாததால், மேற்குத் துருக்கியின் எஃபெசுஸ் இடிபாடுகளுக்கு நடுவே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட பளிங்குத் தூண்களிடையே, வண்ணச் சட்டை அணிந்த விண்வெளி வீரர்கள் ஓடுகிறார்கள். எத்தனை கோடி செலவழித்தாலும் எந்த ஸ்டுடியோவிலும் கட்ட முடியாத ஒரு கிரகம் அவர்களுக்குப் படப்பிடிப்புக்கு இடமாகக் கிடைத்துவிட்டது.

இணையத்தில் இதுபோன்ற பழைய துருக்கியப் படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ‘உலகின் மிக மோசமான படங்கள்’ என்ற தலைப்பின்கீழ்தான் பேசுகிறார்கள். எனக்கும் இவை அறிமுகமானது அப்படித்தான்; நண்பர் ஒருவர், சிரித்துவிட்டு மறந்துவிடு என்று சொல்லி ஒரு காட்சித் துண்டை அனுப்பியிருந்தார். நான் மறக்கவில்லை. முழுப் படத்தையும் தேடிப் பார்த்தேன், அதன் பின் அதே வகையில் இன்னும் பலவற்றைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்தக் கேலி எவ்வளவு அநியாயமானது என்பது எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. பணமின்மை இப்படங்களில் மறைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தின் இடத்தை எது நிரப்பியிருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு அங்கே மனித உடலும் கத்தரிக்கோலும் குரலும் செய்திருக்கும் வேலை தெரியும். இந்தப் படங்களின் வசீகரம் என்று நான் சொல்வது அந்த வேலையைத்தான்.

இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில், தயாரிப்பு நிறுவனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த ஒரு தெருவின் பெயர் யெஷில்சாம். ‘பச்சைப் பைன் மரம்’ என்று பொருள். அந்தத் தெருவின் பெயரே ஒரு திரையுலகத்தின் பெயராகிவிட்டது. 1972ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 300 படங்கள் உருவாயின. இத்தனை படங்களுக்கு முதலீடு வங்கியிலிருந்து வரவில்லை. அதானா, இஸ்மீர், சம்சுன் போன்ற வட்டாரங்களின் விநியோகஸ்தர்கள், தங்கள் ஊர் மக்களுக்கு எந்த நடிகர் வேண்டும், சண்டை வேண்டுமா கண்ணீர் வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லி, பிற்பாடு ஒரு தேதியில் பணமாகும் கடன் பத்திரங்களைக் கொடுப்பார்கள். தயாரிப்பாளர் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றுக் கையில் கிடைத்த தொகையில் படத்தைத் தொடங்குவார். ஃபிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, விலையும் அதிகம். ஆகவே ஒரு காட்சிக்கு ஒரே டேக் என்பது நியதியாகவே இருந்தது. வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமில்லாத நடிகர்களுக்குக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வரிவரியாக எடுத்துக்கொடுப்பார். படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது என்பதால் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. குரல் முழுவதும் பின்னால் டப்பிங்கில் சேரும்.

அந்த டப்பிங்குக்கு ஒரு நீண்ட மரபு இருந்தது என்பதை அறிந்த பிறகுதான் ஓமெர் எனக்கு இன்னும் நன்றாக விளங்கினான். 1958இல் மறைந்த ஃபெர்தி தய்ஃபூர் என்ற குரல் கலைஞர் (இதே பெயரில் பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடகர் வேறு) லாரல், ஹார்டி இருவருக்குமே தாமே குரல் கொடுத்தார். அவர்களைத் துருக்கி மொழியைத் தத்தித் தத்திப் பேசும் வெளிநாட்டுக்காரர்களாக ஆக்கினார். மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவின் கிரௌச்சோவுக்கு அவர் தந்த பெயர் அர்ஷாக் பாலாபிய்க்யான். அடர்மீசை என்ற துருக்கிச் சொல்லோடு ஆர்மீனியக் குடும்பப் பெயரின் விகுதியைச் சேர்த்துச் செய்த பெயர் அது. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஒரே இரவில் இஸ்தான்புல்லின் ஆர்மீனியக் குடிமகன் ஆகிவிட்டார், அரங்கமும் அவரைத் தன் ஊர்க்காரராகவே ஏற்றுக்கொண்டது. வெளியூர்ச் சரக்கை வாங்கி வந்து தன் வாசலில் வைத்துத் தன் மொழியில் பேசவைக்கும் இந்தக் கலையின் நேரடி வாரிசு விண்வெளிக்குப் போன ஓமெர்.

ஓமெராக நடித்த சத்ரி அலிஷிக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1963இல் வேறொரு படத்தில் துணைப் பாத்திரமாகத் தலைகாட்டிய இந்த ஊர்சுற்றி மக்களுக்குப் பிடித்துப்போனதால், அடுத்த ஆண்டே அவன் பெயரில் தனிப் படம் வந்தது. பிறகு ஜெர்மனிக்குப் போனான், அரபு நாட்டுக்குப் போனான், நரமாமிசம் உண்போரிடையே சிக்கினான், ஸ்பெயினில் காளையோடு மோதினான், கடைசியாக விண்வெளிக்கும் போய்விட்டான். எங்கே போனாலும் அவன் மாறுவதில்லை. சத்ரி அலிஷிக்கின் உடலில் ஒருவகைத் தளர்ச்சி உண்டு. முழங்கால் மடங்கியபடி நடப்பார், கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து சுழற்றி இறக்கும் அந்தச் சலாமில் மரியாதையும் குறும்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். அறிவே வடிவான கூர்காது அதிகாரி எதிரில் நிற்க, அறிவைப் பற்றிக் கவலையே இல்லாத ஒருவன் அவரைத் திணறடிக்கும் காட்சிகளில் சிரிப்பு எழுவது எந்தத் தந்திரக் காட்சியாலும் அன்று. இரண்டு நடிகர்கள் எதிரெதிரே நிற்கும் விதத்தால்தான். இதே சத்ரி அலிஷிக், ராஜ் கபூரின் ‘ஆவாரா’ 1950களில் துருக்கியில் பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து 1964இல் எடுக்கப்பட்ட துருக்கிய ‘அவாரே’யில் அந்த நாடோடி வேடத்தையும் ஏற்றவர் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஓமெர் நம்மைச் சிரிக்க அழைக்கிறான். ஜுனெய்த் அர்கின் அப்படி அழைப்பதில்லை. அவர் முகத்தில் விளையாட்டே கிடையாது. ஆனாலும் இருவரும் ஒரே அரங்குகளின், ஒரே மக்களின் நாயகர்கள். அர்கின் 1937இல் எஸ்கிஷெஹிர் அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து மருத்துவரானவர். ராணுவச் சேவையில் இருந்தபோது அங்கே படம் எடுக்க வந்த இயக்குநர் ஹாலித் ரெஃபியின் கண்ணில் பட்டு, 1964இல் நடிகரானார். அழகான முகத்தை மட்டும் நம்பிக் காதல் நாயகனாகவே இருந்திருக்கலாம். அவரோ சர்க்கஸ்காரர்களிடம் போய்க் குட்டிக்கரணமும் குதிரையேற்றமும் கற்றுக்கொண்டு வந்தார். அதன்பின் பத்தால் காஸி, மல்கோச்சோலு, காரா முராத் என்று வரிசையாக வந்த வீர நாயகர் படங்களில் டூப் போடாமல் தாமே குதித்தார், தாமே விழுந்தார், எலும்பும் முறிந்தது.

அந்தக் குதிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கவனித்துப் பார்ப்பது எனக்கு அலுக்காத ஒன்று. காட்சிச் சட்டகத்துக்கு வெளியே ஒரு டிராம்போலின் இருக்கும். முதல் ஷாட்டில் அர்கின் ஓடிவந்து எம்புவார். இரண்டாவது ஷாட்டில் கேமரா தரையோடு தரையாக இருந்து மேலே பார்க்கும். வானம் மட்டுமே பின்னணி, அதில் ஓர் உடல் சுருண்டு விரியும். மூன்றாவதில் எதிரியின் மார்பில் இரண்டு கால்களும் இறங்கும். இந்த மூன்றையும் சேர்த்தால் சில நொடிகள்தான். வானத்துக்கு உயரம் தெரியாது என்பதால், நடு ஷாட்டில் பார்வையாளர் எவ்வளவு உயரத்தை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம். கணினி இல்லை, கம்பி இல்லை. ஒரு மனிதனின் முதுகெலும்பும், எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிந்த எடிட்டரும் மட்டும் இருக்கிறார்கள்.

இந்த முறையின் உச்சம் 1982இல் வந்த ‘துன்யாயி குர்த்தாரன் ஆதம்’, அதாவது ‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’. திரைக்கதை அர்கினுடையது, இயக்கம் செத்தின் இனான்ச். படங்களை முடிக்கும் வேகத்தால் ‘ஜெட் இயக்குநர்’ என்றே பெயர் பெற்றவர் அவர். விண்வெளிப் போருக்கு மாதிரிக் கலங்கள் செய்ய வழியில்லை. ஆகவே ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் தலைக்கவசம் அணிந்த அர்கினை உட்காரவைத்துவிட்டார்கள். அகலத்திரைப் படத்தை அதற்குரிய லென்ஸ் இல்லாமல் காட்டியதால் அந்தப் படத்தின் கோள வடிவ விண்நிலையம் நசுங்கித் தெரிகிறது. இசையும் ஹாலிவுட் படங்களிலிருந்து எடுத்தது. பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை வசீகரம் என்று சொல்லி மழுப்பவும் விரும்பவில்லை. ஆனால் நடுத் துருக்கியில் உள்ள கப்படோக்கியாவின் எரிமலைப் பாறைக் கூம்புகளிடையே, குகைத் தேவாலயங்களில் எடுக்கப்பட்ட மீதிப் படம் முழுக்க அவர்களுடையது. காலில் பாறைகளைக் கட்டிக்கொண்டு ஓடிக் குதித்து, வெறுங்கையால் கல்லைப் பிளந்து அர்கின் பயிற்சி எடுக்கும் அந்த நீண்ட காட்சியில் கடன் வாங்கிய ஷாட் ஒன்றுகூட இல்லை. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 45. பிறகு ரோமம் போர்த்திய பூதங்கள் அணியணியாக வர, ஒரு பூதத்தின் கையைப் பிய்த்து அதனாலேயே மற்றவற்றை அடிக்கிறார். அந்த முகத்தில் ஒரு நொடிகூட ‘இது வெறும் விளையாட்டு’ என்ற பாவனை வருவதில்லை. அந்த முழு நம்பிக்கைக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

சண்டையையும் சிரிப்பையும் யெஷில்சாமில் வேறு வேறு ஆட்கள் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ‘தார்கான்’ என்ற வீர நாயகனின் படங்களில் ரப்பர் ஆக்டோபஸ் உலாவிய கடலில் வாள் ஏந்திய கார்தால் திபெத், 1976இல் இயக்குநராகி நகைச்சுவை நடிகர் கெமால் சுனாலை வைத்து ‘தோசுன் பாஷா’ என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். துருக்கியக் குடும்பங்கள் இன்றும் தொலைக்காட்சியில் சேர்ந்து பார்க்கும் படம் அது.

இந்த உலகம் 1980களில் கலைந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது, குடும்பங்கள் அரங்கை விட்டுப் போயின, ராணுவ ஆட்சி வந்தது, மிச்சமிருந்தவர்கள் வீடியோ கேசட்டுக்காகப் படம் எடுத்தார்கள். 2004இல் ஜெம் யில்மாஸ் எழுதி நடித்த ‘கோரா’வில் கம்பள வியாபாரி ஒருவன் வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்படுகிறான். அவன் நடையிலும் வாய்த்துடுக்கிலும் ஓமெரின் சாயல் தெளிவாக இருக்கிறது. நல்ல படம்தான், பணமும் நிறையச் செலவாகியிருக்கிறது. எனக்கென்னவோ எஃபெசுஸ் தூண்களின் நிழலில் நின்ற ஓமெரே நெருக்கமாக இருக்கிறான்.

‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’ பல்லாண்டுக் காலம் வெளிறிய வீடியோ நகல்களாகவே கைமாறிக்கொண்டிருந்தது. அப்படி வெளிறிய நகலைப் பார்த்துத்தான் பலரும் அதைக் குப்பை என்றார்கள். எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே 35 மி.மீ. பிரதி, துருக்கியில் ஓய்வுபெற்ற ஒரு திரையரங்கு ஆபரேட்டரிடம் இருந்தது. அமெரிக்க ஆர்வலர் ஒருவர் 2016இல் அதைப் பெற்று, ஸ்கேன் செய்து செப்பனிட வழிசெய்தார். அர்கின் 2022 ஜூனில் மறைந்த செய்தி வந்த இரவில் நான் அந்தத் தெளிவான பிரதியைப் போட்டுப் பார்த்தேன். கப்படோக்கியாவின் பாறைகள் மங்கலான சாம்பல் நிறத்திலிருந்து விடுபட்டு, வெயிலில் காய்ந்த மண்ணின் நிறத்துக்குத் திரும்பியிருந்தன. அந்தப் பாறைகளுக்கு மேலே, நீல வானத்தில், அவர் உடல் சுருண்டு விரிந்தது.